ஐரோப்பாவின் பழைய நிலக்காட்சி எட்சிங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய ஓவியர்கள் மரம், மலை, ஆறு, வயல், மேகம் என்று உலோகத் தகட்டில் கீறி அச்சிட்ட படங்களைப் பற்றிய பக்கம் இது. ஓவியம் படிக்கிறவர்களும் அருங்காட்சியகம் போய்வந்தவர்களும் பொதுவாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லா நாட்டையும் சமமாகத் தொடவில்லை. பாதி இடத்தை ஹாலந்து பிடித்துக்கொள்ளும். அதிலும் ஹெர்குலிஸ் சேகர்ஸ் என்ற ஒருவர் கூடுதலாகவே வருவார். தமிழில் இன்னும் நிறையப் பேர் அவரைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

எட்சிங் என்றால் என்ன? எப்படிச் செய்கிறார்கள்?

வழவழவென்று தேய்த்த செப்புத்தகட்டை லேசாகச் சூடாக்கி, தேன்மெழுகும் பிசினும் நிலக்கீலும் கலந்த பூச்சு ஒன்றை அதன்மேல் மெல்லியதாகப் பரப்புவார்கள். தகட்டைக் கவிழ்த்துப் பிடித்து மெழுகுவத்திப் புகை காட்டினால் பூச்சு கறுத்துவிடும். இப்போது ஊசியால் அதன்மேல் வரைய வேண்டியதுதான். ஊசி செம்பைத் தோண்டுவதில்லை, பூச்சை மட்டும் விலக்குகிறது. கறுப்புக்கு நடுவே கோடு செம்பின் நிறத்தில் மின்னும்.

வரைந்து முடிந்ததும் அமிலம். பூச்சு இருக்கும் இடத்தை அது தொடாது, கோடு விழுந்த இடத்தை அரித்துப் பள்ளமாக்கும். மெல்லியதாக வர வேண்டிய கோடுகள் அரித்ததும் தகட்டை வெளியே எடுத்து, அவற்றின்மேல் மட்டும் வார்னிஷ் தடவி மூடிவிட்டு, மற்றவற்றை மறுபடி அமிலத்தில் விடுவார்கள். தூரத்து மலைக்குக் கொஞ்ச நேரம், முன்னால் நிற்கும் மரத்துக்கு நிறைய நேரம். கோட்டின் கனத்தை இங்கே கையைவிட நேரமே அதிகம் தீர்மானிக்கிறது.

அப்புறம் பூச்சைக் கழுவி, தகடு முழுக்க மை தடவி, துணியாலும் உள்ளங்கையாலும் துடைப்பார்கள். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிக் கரி பூசித் துடைத்தால் எழுத்து மட்டும் கறுப்பாக நிற்குமே, அதே வழிதான். ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து, கம்பளி போர்த்தி, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்தால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை வாங்கிக்கொள்ளும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய தடமும் தாளில் பதிந்துவிடும். பழைய பிரதிகளில் முதலில் தேட வேண்டிய அடையாளம் அந்தத் தடம்.

எங்கிரேவிங்கும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. எங்கிரேவிங்கில் அமிலம் கிடையாது. பியூரின் என்ற கூர்மையான சிற்றுளியை உள்ளங்கையில் பிடித்து, உலோகத்தை நேராகச் சீவி எடுக்க வேண்டும். அது பொற்கொல்லர் பட்டறையிலிருந்து வந்த வேலை. கை பழக வருடங்கள் ஆகும். கோடு அழகாக, கட்டுப்பாடாக, முறுக்கேறி வரும். ஆனால் நினைத்த வேகத்தில் வராது.

எட்சிங்கில் உலோகம் எதிர்ப்பதில்லை. மெழுகுதான் ஊசிக்குக் கீழே இருக்கிறது. பேனாவால் வரையத் தெரிந்த எந்த ஓவியரும் தகட்டிலும் வரையலாம். நிலக்காட்சிக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனித முகத்துக்கு விளிம்பு உண்டு. இலைக்கூட்டத்துக்கும் புல்லுக்கும் மேகத்துக்கும் எங்கே விளிம்பு? அவற்றைக் கை நடுங்கியும் சுழித்தும் தட்டியும்தான் பிடிக்க முடியும். ஐரோப்பிய நிலக்காட்சி அச்சு எட்சிங்கோடு சேர்ந்து வளர்ந்ததற்கு இதுதான் முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன். சமயமும் சந்தையும் அடுத்தபடியாக வருகின்றன.

இரண்டையும் ஒரே தகட்டில் கலப்பதும் சர்வ சாதாரணம்.

இந்த உத்தி எங்கே தொடங்கியது?

போர்க்கவசம் செய்கிறவர்களிடம். கவசத்திலும் வாளிலும் பூவேலை செய்ய அவர்கள் அமிலத்தை முன்பே பயன்படுத்தி வந்தார்கள். ஜெர்மனியில் அவுக்ஸ்புர்க் நகரத்தில் கவச அலங்காரம் செய்துவந்த டேனியல் ஹோப்ஃபர், 1500ஐ ஒட்டிய வருடங்களில் அதே முறையைத் தாளில் அச்சிடவும் கொண்டுவந்தார். தேதி பொறித்த எட்சிங்குகளில் மிகப் பழையது சுவிட்சர்லாந்தின் உர்ஸ் கிராஃப் 1513இல் செய்தது.

முதல் தலைமுறை இரும்புத் தகட்டில்தான் வேலை செய்தது. இரும்பு துருப்பிடிக்கும், கோடும் முரடாக அரிக்கும். ஜெர்மனியின் பெரிய ஓவியரும் எங்கிரேவிங் கலைஞருமான ஆல்பிரெக்ட் ட்யூரர் 1515க்கும் 1518க்கும் இடையே ஆறு எட்சிங்குகள் செய்து பார்த்தார். கடைசியில் செய்தது ஒரு பெரிய பீரங்கியும் அதன் பின்னால் விரிந்த கிராமமும் மலையும். அதோடு விட்டுவிட்டார். பியூரினில் அவர் தொட்ட உச்சத்துக்கு இரும்பின் இந்த முரட்டுக் கோடு ஈடுகொடுக்கவில்லை போலும். 1520 வாக்கில் நெதர்லாந்தில் லூக்காஸ் வான் லெய்டன் செப்புத்தகட்டில் எட்சிங் செய்தார். அதன்பின் செம்பே நிலைத்தது.

மனிதர்களே இல்லாத நிலக்காட்சியை முதலில் அச்சிட்டது யார்?

தன்யூப் நதிக்கரையில் உள்ள ரேகன்ஸ்புர்க் நகரத்து ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர். 1520ஐ ஒட்டிய காலத்தில் அவர் ஒன்பது சிறிய நிலக்காட்சி எட்சிங்குகள் செய்தார். கதை இல்லை, புனிதர் இல்லை, வேட்டை இல்லை. தாடிபோல் கிளை தொங்கும் ஊசியிலை மரங்கள், பின்னால் ஒரு கோட்டை, அதற்கும் பின்னால் மலை, அவ்வளவுதான். சில பிரதிகளில் நீர்வண்ணமும் தீட்டியிருக்கிறது. அதுவரை ஐரோப்பிய அச்சுப்படத்தில் மரம் என்பது யாராவது ஒருவருக்குப் பின்னால் நிற்கும் பொருள். இங்கே மரம்தான் ஆள்.

இதே மனிதர் செய்த இன்னொரு வேலையையும் சொல்லாமல் விடக்கூடாது. 1519 பிப்ரவரியில் ரேகன்ஸ்புர்க் நகர சபை அங்கிருந்த யூதர்களை வெளியேற்றியது, அவர்களுடைய தொழுகைக்கூடத்தையும் இடித்தது. ஆல்ட்டோர்ஃபர் அந்தச் சபையின் உறுப்பினர். இடிப்பதற்கு முன் அதன் உட்பக்கத்தையும் முகப்பையும் இரண்டு எட்சிங்குகளில் பதிவு செய்தார். கட்டடம் கடவுளின் நியாயத்தீர்ப்பால் தரைமட்டமானது என்று லத்தீனில் எழுதியும் வைத்தார். உண்மையில் இருந்த ஒரு கட்டடத்தைப் பார்த்து அச்சில் பதித்த ஐரோப்பியப் படங்களில் இவை மிக முற்பட்டவை. தூண்களின் நிழலை அவ்வளவு கவனமாகப் பார்த்த கண், அங்கே தொழுதவர்களுக்கு நடந்ததை நியாயம் என்று சொன்னது. அவருடைய மரங்களை நான் நேசிக்கிறேன். இந்த இரண்டு தகடுகளையும் மறந்துவிட்டு நேசிக்க முடியவில்லை.

பீட்டர் ப்ரூகலும் எட்சிங் செய்தாரா?

தன் கையால் செய்தது ஒன்றே ஒன்று, 1560இல் வந்த முயல் வேட்டைக் காட்சி. ஆனால் அவர் வரைந்து கொடுத்ததை வைத்து மற்றவர்கள் தகடு செய்த படங்கள் நிறைய. 1550களின் தொடக்கத்தில் அவர் ஆல்ப்ஸ் வழியாக இத்தாலி போய்த் திரும்பினார். அந்த மலைகளை நினைவில் வைத்து வரைந்த பெரிய நிலக்காட்சிகளை ஆண்ட்வெர்ப் நகரப் பதிப்பாளர் ஹிரோனிமஸ் காக் 1555ஐ ஒட்டி வெளியிட்டார். தகடு வேலை செய்தவர்கள் வான் டூட்டகம் சகோதரர்கள். ப்ரூகல் ஆல்ப்ஸ் மலைகளையும் பாறைகளையும் விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து துப்பினார் என்று ஓவியர்களின் வாழ்க்கைகளைத் தொகுத்த கரல் வான் மாண்டர் 1604இல் எழுதினார்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது அதே காக் 1559, 1561 ஆண்டுகளில் வெளியிட்ட சிறிய நிலக்காட்சிகள். ஆண்ட்வெர்ப் பக்கத்துக் கிராமங்களின் தெருவும் வேலியும் குட்டையும். வரைந்தவர் யார் என்றே அவற்றில் இல்லை. பெரிய மலையும் இல்லை, வீரமும் இல்லை. வீட்டைவிட்டு இரண்டு மைல் நடந்தால் கண்ணில் படுவது எதுவோ அது. இதே தகடுவரிசையைப் பார்த்து 1612இல் ஆம்ஸ்டர்டாமின் கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் புதிதாகத் தகடு செய்து, ப்ரூகல் பெயரைப் போட்டு விற்றார். அந்த விற்பனை அடுத்த தலைமுறைக்கு வழி காட்டியது.

17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் மட்டும் ஏன் இவ்வளவு நிலக்காட்சி?

பல காரணங்கள் ஒரே நேரத்தில் கூடின. 1585இல் ஆண்ட்வெர்ப் ஸ்பானியப் படையிடம் விழுந்தது. அங்கிருந்த ஓவியர்களும் பதிப்பாளர்களும் நெசவாளர்களும் கூட்டம் கூட்டமாக வடக்கே ஹார்லம், ஆம்ஸ்டர்டாம் பக்கம் குடிபெயர்ந்தார்கள். புராட்டஸ்டன்ட் பிரிவான கால்வினியத்தின் தேவாலயங்கள் பலிபீட ஓவியம் வாங்குவதில்லை, ஆகவே ஓவியர் வீடுகளுக்கு விற்க வேண்டியதாயிற்று. 1609 முதல் 1621 வரை ஸ்பெயினோடு போர்நிறுத்தம். ஊருக்கு வெளியே பயமில்லாமல் நடக்க முடிந்தது. 1612இல் பேம்ஸ்டர் ஏரியின் நீரை இறைத்து முடித்து அதை விளைநிலமாக்கினார்கள். தங்கள் கையால் கடலிடமிருந்தும் ஏரியிடமிருந்தும் பிடுங்கிய மண்ணை அந்த மக்கள் படத்தில் பார்க்க ஆசைப்பட்டதில் வியப்பில்லை.

விஸ்ஸர் அந்த வருடங்களில்தான் ஹார்லம் சுற்றுவட்டாரத்து இனிய இடங்கள் என்று ஒரு எட்சிங் வரிசை வெளியிட்டார். தூரப் பயணம் போக நேரமில்லாத ரசிகர்கள் இவற்றைப் பார்த்து மகிழட்டும் என்ற பொருளில் அதன் முகப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. மணல்மேடு, சத்திரம், துணி வெளுக்கும் களம், கலங்கரை விளக்கு. யாரும் இதுவரை படமாக நினைக்காத இடங்கள்.

1612இல் ஹார்லம் ஓவியர் சங்கத்தில் எசாயஸ் வான் டெ வெல்டே, வில்லம் பாய்டெவெக், ஹெர்குலிஸ் சேகர்ஸ் மூவரும் ஒரே வருடம் சேர்ந்தார்கள். முதல் இருவரும் கண் முன்னால் இருந்த ஹாலந்தை வரைந்தார்கள். மூன்றாமவர் வேறு திசையில் போனார்.

யார் இந்த ஹெர்குலிஸ் சேகர்ஸ்?

1590 வாக்கில் ஹார்லத்தில் பிறந்தவர். தெற்கிலிருந்து குடிபெயர்ந்த, மென்னோனைட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த குடும்பம். ஆம்ஸ்டர்டாமில் கில்லிஸ் வான் கோனின்க்ஸ்லோ என்ற காட்டோவியரிடம் தொழில் படித்தார். 1619இல் ஆம்ஸ்டர்டாமின் லிண்டன் கால்வாய்க் கரையில் ஒரு பெரிய வீடு வாங்கினார். கடன் ஏறி 1631இல் அதை விற்க வேண்டி வந்தது. யூட்ரெக்ட், தி ஹேக் என்று சில வருடம். 1640க்கு முன்பே இறந்துவிட்டார்.

இவர் செய்த தகடுகளில் 54 நமக்குத் தெரியும். அவற்றிலிருந்து மிஞ்சியிருக்கும் பிரதிகள் 180ஐ ஒட்டித்தான். ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற ஓவியர் ரெம்ப்ராண்டின் ஒரே படத்துக்கே அத்தனை பிரதிகள் உலகில் இருக்கக்கூடும்.

அவர் வரைந்தவை பெரும்பாலும் பாறைப் பள்ளத்தாக்குகள். செடி இல்லை, வீடு அபூர்வம், மனிதர் கடுகளவு. பாறை உடைந்து, உளுத்து, புற்றுப் பிடித்ததுபோல் நிற்கும். நெதர்லாந்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. அவர் அந்த நாட்டைவிட்டு வெளியே போனதற்கும் எந்தப் பதிவும் இல்லை. மற்றவர்களின் அச்சுப்படங்களில் பார்த்த மலையை எடுத்துத் தன் பட்டறையில் வேறொரு கோளின் தரையாக மாற்றிவிட்டார்.

அவருடைய பிரதிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்கிறார்களே, எப்படி?

அச்சு என்றால் ஒரே படம் பல பிரதி என்றுதான் எல்லோரும் புரிந்துகொள்கிறோம். சேகர்ஸ் அந்தப் புரிதலையே தலைகீழாக்கினார். ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு ஒருமுறை நீல மையில், ஒருமுறை பச்சையில், ஒருமுறை வெளிர்மஞ்சளில் அச்சிடுவார். தாளுக்கு முன்கூட்டியே இளஞ்சிவப்போ சாம்பலோ பூசி வைப்பார். சில நேரம் தாளே இல்லாமல் துணியில் அடிப்பார். அடித்த பிறகு தூரிகையால் நிழல் சேர்ப்பார். பின்பு ஓரங்களை வெட்டிப் படத்தின் அளவையே மாற்றுவார். ரைன்ஸ்புர்க் மடத்தின் இடிபாட்டை இருண்ட பின்னணியில் வெளிர் மையால் அச்சிட்டிருக்கிறார். செங்கல் ஒவ்வொன்றும் நிலவொளியில் தெரிவதுபோல் இருக்கிறது. அதே தகட்டின் இன்னொரு பிரதி பகல்.

சர்க்கரை கலந்த மையால் தகட்டில் தூரிகை கொண்டு வரைந்து, மேலே பூச்சு போட்டு, நீரில் ஊறவைத்தால் சர்க்கரை கரைந்து அந்த இடத்துப் பூச்சு மட்டும் உரிந்துவரும். பிறகு அமிலம் தூரிகைக் கோட்டையே அரிக்கும். இந்த வித்தை பரவலாக மற்றவர்கள் கைக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டில்தான். சேகர்ஸ் அதை முன்பே செய்துவிட்டார். பாசி படர்ந்த அந்த ஒற்றை மரம், கிளையெல்லாம் புகைபோல் தொங்கும் படம், இப்படி வந்ததுதான். அதற்கு இருப்பது ஒரே பிரதி, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில். 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அச்சான படங்களில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால் நான் யோசிக்காமல் அதைக் காட்டுவேன்.

இன்னொரு விஷயம். பெரிய கப்பல் ஒன்றை வரைந்த தகட்டை அவர் துண்டுகளாக வெட்டி மறுபடி பயன்படுத்தினார். அதனால் சில பாறைப் பள்ளத்தாக்குகளின் வானத்தில் பாய்மரக் கயிறுகள் மங்கலாகத் தெரிகின்றன. அவற்றைச் சுரண்டி எடுத்திருக்கலாம். விட்டுவைத்தார்.

அவர் வறுமையில் செத்தார், படங்களில் வெண்ணெய் மடித்தார்கள் என்பது உண்மையா?

அந்தக் கதை சாமுவேல் வான் ஹோஹ்ஸ்ட்ராட்டன் 1678இல் எழுதியதிலிருந்து வருகிறது. வெண்ணெயும் சோப்பும் மடிக்க சேகர்ஸின் அச்சுத்தாள்கள் போயின, குடித்துவிட்டுப் படியில் விழுந்து இறந்தார் என்று அவர் சொல்கிறார். ஹோஹ்ஸ்ட்ராட்டன் ரெம்ப்ராண்டின் மாணவர், ஆகவே பட்டறைப் பேச்சுகள் அவர் காதில் விழுந்திருக்கும். ஆனால் சேகர்ஸ் இறந்து நாற்பது வருடம் கழித்து எழுதியது இது. அதிர்ஷ்டத்தின் கொடுமைக்கு உதாரணம் காட்ட எழுதிய இடம். கடன் இருந்தது, வீடு போனது, அது ஆவணத்தில் உள்ளது. உயிரோடு இருந்தபோது ஒருவரும் மதிக்கவில்லை என்பது சரியில்லை. அவருடைய ஓவியங்களை வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ரெம்ப்ராண்ட்.

அதே ஹோஹ்ஸ்ட்ராட்டன் இன்னொன்றும் சொன்னார்: சேகர்ஸ் ஓவியத்தையே அச்சிட்டார் என்று. அவரைப் பற்றி எழுதியதிலேயே சரியான வாக்கியம் அது.

ரெம்ப்ராண்ட் அவருடைய தகட்டைத் திருத்தினாராமே?

ஆமாம். 1656இல் ரெம்ப்ராண்ட் நொடித்துப்போனபோது எழுதிய சொத்துப் பட்டியலில் சேகர்ஸின் எட்டு ஓவியங்கள் இருந்தன. ஒரு செப்புத்தகடும் அவர் கைக்கு வந்திருந்தது. அதில் இருந்தது விவிலியக் கதையின் தொபியாவும் தேவதூதரும், மிகப் பெரிய உருவங்களாக. 1650களின் தொடக்கத்தில் ரெம்ப்ராண்ட் அந்த இருவரையும் சுரண்டித் தேய்த்துவிட்டு, அங்கே மரங்களையும் எகிப்துக்குத் தப்பியோடும் இயேசுவின் சிறு குடும்பத்தையும் வரைந்தார். உருவங்கள் சின்னதாகிவிட்டன, காடு பெரிதாகிவிட்டது. தேவதூதரின் சிறகு முழுதாக அழியவில்லை. மரங்களுக்கு நடுவே இன்னும் தெரிகிறது. சேகர்ஸின் தூரத்து நிலத்தைப் பெரும்பாலும் தொடாமல் விட்டிருக்கிறார். ஒரு பெரிய கலைஞர் இன்னொருவருக்குக் காட்டிய மரியாதையாகவே அதை எடுத்துக்கொள்கிறேன்.

ரெம்ப்ராண்டின் ‘மூன்று மரங்கள்’ ஏன் இவ்வளவு புகழ்?

ரெம்ப்ராண்ட் செய்த சுமார் 300 எட்சிங்குகளில் நிலக்காட்சிகள் முப்பதுக்கும் குறைவு. எல்லாம் 1640 முதல் 1650களின் தொடக்கம் வரை. அவற்றில் அளவில் பெரியது 1643 தேதியிட்ட இந்தப் படம். பெரியது என்றாலும் ஒரு நோட்டுப்புத்தகத் தாள் அளவுதான், சுமார் 21க்கு 28 சென்டிமீட்டர்.

முதல் பார்வையில் வலப்பக்க மேட்டில் மூன்று மரங்கள், இடப்பக்கம் சமவெளி, தூரத்தில் நகரம், மேலே கலங்கிய வானம். இடது மூலையில் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் சாய்ந்த நேர்கோடுகள், மழை வருகிறது அல்லது விலகுகிறது. படம் அங்கே முடிவதில்லை, தேடிப் பாருங்கள். இடது பக்கம் நீரோரம் ஒருவர் தூண்டில் போடுகிறார், பக்கத்தில் ஒரு பெண். மேட்டின் உச்சியில் வண்டியில் ஆட்கள் போகிறார்கள். வலது ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறார், அதுவும் மழைக்கு முதுகு காட்டி. கீழே வலதுபுறப் புதரின் இருட்டில் ஒரு காதல் ஜோடி. அந்த ஜோடி மங்கலான பிரதியில் தெரியவே தெரியாது. கறுப்பைக் கறுப்பின்மேல் ஏற்றி அவர்களை ஒளித்திருக்கிறார்.

எட்சிங், பியூரின், டிரைபாயிண்ட் மூன்றையும் இதில் கலந்திருக்கிறார். டிரைபாயிண்ட் என்பது பூச்சும் அமிலமும் இல்லாமல் ஊசியால் செம்பை நேரே கீறுவது. கீறலின் ஓரத்தில் எழும் பிசிறில் மை தங்கி, கோடு வெல்வெட் போல் இருட்டாக விழும்.

மூன்று மரங்கள், இயேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரி மேட்டின் மூன்று சிலுவைகள் என்றும், முந்தைய வருடம் இறந்த மனைவி சாஸ்கியாவுக்கான துக்கம் என்றும் விளக்கங்கள் உண்டு. எனக்கு அவை தேவைப்படவில்லை. மழை வருவதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் ஒரு நிலம் முழுவதும் யார் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதே போதுமான விஷயம்.

இந்தப் படங்களை வெளியில் உட்கார்ந்தே தகட்டில் வரைந்தார்களா?

சிலவற்றைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. ரெம்ப்ராண்டின் 1645ஆம் வருடப் பாலம் படம் அவ்வளவு அவசரமான கோடுகள் கொண்டது. வேலைக்காரன் பக்கத்து ஊருக்குப் போய்க் கடுகு வாங்கி வருவதற்குள் ஒரு தகட்டை முடிக்கிறேன் என்று பந்தயம் கட்டி அதைச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. ரெம்ப்ராண்ட் அச்சுகளுக்கு முதல் பட்டியல் தயாரித்த பாரிஸ் வணிகர் ஜெர்சான் சொன்னது அது, நூறு வருடம் கழித்து. கதையை நம்ப வேண்டியதில்லை, கோட்டின் வேகத்தை நம்பலாம். பெரிய தகடுகள் பட்டறையில், வரைபடங்களை வைத்துக்கொண்டு செய்தவை.

இடது வலது மாறியிருப்பது ஏன்?

தகட்டில் வரைந்தது தாளில் கண்ணாடிப் பிம்பமாக விழும். ரெம்ப்ராண்ட் இதைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய ஆம்ஸ்டர்டாம் நகரக் காட்சியில் கோபுரங்களின் வரிசை இடம் மாறி நிற்கிறது. 1651இல் ஹார்லம் பக்கத்து வயல்களை வரைந்த நீளமான படமும் அப்படியே. ஊரை விற்பனைக்காகப் பதிவு செய்தவர்கள் வரைபடத்தை முதலில் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள்.

ஒரு தகட்டிலிருந்து எத்தனை நல்ல பிரதி வரும்?

நன்றாக அரித்த செப்புத்தகடு சில நூறு பிரதி தாங்கும். டிரைபாயிண்ட் பிசிறு சில பத்துப் பிரதிகளிலேயே நசுங்கிவிடும். ஆகவே ஒரே படத்தின் முதல் பிரதிக்கும் பின்னால் வந்ததற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். ஓவியர் நடுவில் தகட்டை மாற்றுவதும் உண்டு. அப்படி மாறிய ஒவ்வொரு கட்டத்தையும் சேகரிப்பவர்கள் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று எண்ணுவார்கள்.

ரெம்ப்ராண்டின் தகடுகளில் எண்பது வாக்கில் இன்னும் உலகில் இருக்கின்றன. அவர் இறந்த பிறகும் பலர் அவற்றை வாங்கி, தேய்ந்த கோட்டை மறுபடி கீறி அச்சிட்டு விற்றார்கள். 18ஆம் நூற்றாண்டு முடிவில் பாரிஸ் பதிப்பாளர் பசான் இதைப் பெரிய அளவில் செய்தார். ‘அசல் ரெம்ப்ராண்ட் எட்சிங்’ என்று குறைந்த விலைக்கு வருபவை பெரும்பாலும் இப்படிப்பட்டவை. தகடு அவருடையது, அச்சு அவருடையது இல்லை. இவை தவிர 19ஆம் நூற்றாண்டில் புகைப்பட முறையில் தகடு செய்து அடித்த நகல்களும் சுற்றுகின்றன. வாங்க நினைப்பவர்கள் எந்த நிலை, எந்தத் தாள், எப்போது அடித்தது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தாளும் முக்கியமா?

மிகவும். 1640களின் பிற்பகுதியிலிருந்து ரெம்ப்ராண்ட் ஜப்பானியத் தாளில் நிறைய அச்சிட்டார். டச்சு கிழக்கிந்திய கம்பெனி நாகசாகியிலிருந்து கொண்டுவந்த சரக்கு அது. மென்மையானது, இளமஞ்சள் சாயல் உள்ளது, மையை முரட்டுத்தனமாக உறிஞ்சாது. டிரைபாயிண்ட் நிழல் அதில் கசிந்து பரவியதுபோல் விழும். வெள்ளை ஐரோப்பியத் தாளில் அதே படம் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும்.

ஹாலந்துக்கு வெளியே யாரைப் பார்க்கலாம்?

இன்றைய பிரான்ஸின் நான்சி நகரத்து ஜாக் கலோ. மெழுகுக்குப் பதில் வீணை போன்ற நரம்பு வாத்தியங்கள் செய்கிறவர்களின் கெட்டி வார்னிஷைப் பூச்சாக்கினார். கோடு துல்லியமானது, அமிலம் தப்பாமல் அரித்தது. உள்ளங்கை அகல நிலக்காட்சியில் நூறு பேரை நிறுத்துவார். 1633இல் வந்த அவருடைய போர்க் கொடுமைகள் வரிசையின் நிலம் அமைதியானது, அதில் நடப்பவை தாங்க முடியாதவை. அவருடைய உத்தியை ஆப்ரஹாம் போஸ் 1645இல் பாரிஸில் நூலாக எழுதினார். எட்சிங்குக்கு வந்த முதல் முறையான கையேடு அது.

ரோமில் கிளோட் லொரேன். நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட எட்சிங்குகள். 1636இன் மாடு மேய்ப்பவன் படம் ஒன்று போதும், மாலை வெளிச்சத்தை வெறும் கறுப்பு மையால் எப்படிக் காட்டலாம் என்று புரிந்துகொள்ள.

ப்ராக் நகரில் பிறந்து லண்டனில் வாழ்ந்த வென்செஸ்லாஸ் ஹொல்லர் ஆயிரக்கணக்கில் தகடு செய்தவர். 1666 தீவிபத்தில் எரிந்துபோன பழைய லண்டனை நாம் இன்று தெரிந்துவைத்திருப்பதில் பெரும் பங்கு அவருடையது. 1647இல் வந்த நீண்ட நகரக் காட்சியில் குளோப் நாடக அரங்குக்கும் கரடிச் சண்டைக் கூடத்துக்கும் பெயர்கள் இடம் மாறிப்போயின. கட்டடங்கள் சரியாக இருக்கின்றன.

பெண்கள் இந்தத் தொழிலில் இருந்தார்களா?

இருந்தார்கள், பெரும்பாலும் குடும்பப் பட்டறைகளில். யூட்ரெக்டின் மக்தலேனா வான் டெ பஸ் நிலக்காட்சிகளை எங்கிரேவிங்காகச் செய்தார். ஆம்ஸ்டர்டாமில் கெர்ட்ராய்ட் ரோஹ்மன், தன் சகோதரர் ருலாண்ட் வரைந்த நிலக்காட்சிகளைத் தகட்டுக்கு மாற்றினார். அவர் சொந்தமாக வடிவமைத்த வீட்டு வேலைப் படங்கள்தான் இன்று அதிகம் பேசப்படுகின்றன. நூல் நூற்கும் பெண், முதுகு காட்டிப் பாத்திரம் தேய்க்கும் பெண். அவற்றையும் தேடிப் பாருங்கள்.

நம் ஊருக்கும் இந்தப் படங்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. யாழ்ப்பாணத்தில் டச்சுப் போதகராக இருந்த பிலிப்பஸ் பால்டேயஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெரிய நூலில் நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணத்துத் தேவாலயங்கள் எல்லாம் செப்புத்தகட்டுப் படங்களாக வந்தன. தமிழ் எழுத்துகளை விளக்கும் பகுதியும் அதில் உண்டு. கலையாக அவை சாதாரணம். ஆனால் அந்தக் கடற்கரைகளின் இத்தனை பழைய அச்சுப்படங்கள் வேறு அதிகம் இல்லை. கோட்டைகளைப் பார்க்கும்போது யாருக்காக யார் வரைந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வணிகக் கம்பெனி தன் உடைமையைப் பார்த்த பார்வை அது.

எங்கே பார்க்கலாம்?

சேகர்ஸுக்கு ரைக்ஸ் அருங்காட்சியகம், அங்கேதான் மிகப் பெரிய தொகுப்பு. வெளிச்சம் தாளைக் கெடுக்கும் என்பதால் அச்சுப்படங்களை எப்போதும் மாட்டி வைப்பதில்லை. லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்தில் அச்சுப்பட வாசிப்பறைக்கு முன்பதிவு செய்துகொண்டு போனால் கேட்டதை மேசைமேல் எடுத்து வைப்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் ரெம்ப்ராண்ட் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம், அங்கே தகட்டில் மை தடவி அச்சிட்டும் காட்டுகிறார்கள்.

பயணம் முடியாதவர்கள் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் உயர்தரப் படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரே தகட்டின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சேகர்ஸின் ரைன்ஸ்புர்க் இடிபாடுகளிலிருந்து தொடங்கினால் நல்லது.